அச்சத்துக்கு எழுவாய் வேண்டும்

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
மதுரைப் பதிப்பு.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் சமூகக் கொந்தளிப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவரத் தொடங்கியுள்ள தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். 1960-களிலிருந்து இன்றுவரை அந்த நாட்டின் பொதுவாழ்வை அச்சம் எப்படி ஆட்டி வைக்கிறது என்பதைச் சொல்ல வந்த கட்டுரை அது. உழைத்து எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலான ஆண்டுகளும் பெயர்களும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் "அச்சம் நிலவியது", "பீதி பரவியது", "பதற்றம் தொற்றிக்கொண்டது" என்ற தொடர்கள் பத்திக்குப் பத்தி வருகின்றனவே தவிர, யார் அஞ்சினார்கள், யாரைக் கண்டு அஞ்சினார்கள், அந்த அச்சத்தால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பது ஓரிடத்தில்கூட இல்லை. "அச்சம் நிலவியது" என்ற வாக்கியத்தில் அச்சமே எழுவாயாக இருக்கிறது, மனிதர் யாரும் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதைப்போல அச்சமும் தானாக வந்து தானாகப் போவதாக ஆகிவிடுகிறது. 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையிலும், அமெரிக்காவில் பிள்ளையையும் பேத்தியையும் வைத்திருப்பவன் என்ற முறையிலும் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குகிறேன். 1965 ஜனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் போனபோது காங்கிரஸ்காரர்களோடு மோதல் மூண்டு, அதிலிருந்து மாநிலமே பற்றிக்கொண்டது வாசகர்கள் அறிந்ததே. அப்போது எனக்கு வயது பதினைந்து. வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. எதிர்வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்துக் கடைகளுக்குப் பலகைக் கதவுதான். ஒவ்வொரு பலகையிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எண் போட்டிருக்கும், ஒன்றிலிருந்து பதினொன்றுவரை வரிசையாகக் காடியில் தள்ளிக்கொண்டே வர வேண்டும். நாள்தோறும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அந்த வேலையில் அன்றைக்கு அவர் ஐந்தாம் பலகைக்கு முன்னால் ஏழாம் பலகையைத் தள்ளிவிட்டு, அது சிக்கிக்கொண்டு, இழுக்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நின்றார். கல் வந்து விழும் என்பது அவருடைய பயம். எங்கள் அம்மாவுக்குக் கல்லைப் பற்றிய கவலையே இல்லை. ஊர்வலத்துக்குப் போன அண்ணன் போலீஸ் கையில் அகப்பட்டுவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய பயம். சந்து முனையில் நிறுத்தப்பட்டிருந்த காவலர் ஒருவர், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, எங்கள் திண்ணைக்கு வந்து தண்ணீர் கேட்டார். அம்மா கொடுத்த செம்பை வாங்கிக் குடித்தபோது பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. கை அப்படி நடுங்கியது. மறுநாள் பத்திரிகைகளில் மதுரையில் பதற்றம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் சந்தில் மட்டுமே மூன்று விதமான அச்சங்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று எதிராகவும் இருந்தன. ஒரே சொல் மூன்றையும் விழுங்கிவிட்டது.

அதே 1965-இல், ஆகஸ்டு மாதம், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் ஆறு நாள் நடந்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். தங்கள் கட்டுரை அதைச் சொல்கிறது. 1967-இன் டெட்ராய்ட்டையும் சொல்கிறது, ஆனால் இரண்டே வரியில். நான் சொல்ல வருவதற்கு டெட்ராய்ட்டைவிடச் சிறந்த சான்று இல்லை என்பதால் அதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

1967 ஜூலை 23, ஞாயிறு விடியற்காலை. பன்னிரண்டாம் தெருவில் உரிமம் இல்லாமல் நடந்துவந்த ஒரு மதுக்கூடத்தில் போலீசார் சோதனையிடப் போனார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காக அங்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போன இடத்தில் 82 பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் கைது செய்து வண்டியில் ஏற்றுவதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ஐந்து நாள் முடிவில் 43 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். கைதானவர்கள் 7,200-க்கும் மேல். மாநிலத்தின் தேசியக் காவல் படை வந்தது. பிறகு வியட்நாமில் போரிட்ட அனுபவமுள்ள வான்குடை வீரர்கள் வந்தார்கள்.

அந்த நாள்களில் கூரை மேலிருந்து மறைந்து சுடுகிறார்கள் என்ற செய்தி நகரம் முழுவதும் ஓடியது. பத்திரிகைகளும் அதை வெளியிட்டன. பெரும்பாலான வேட்டுச் சத்தங்கள் போலீசாரும் தேசியக் காவல் படையினரும் சுட்டவை என்பதும், ஒரு தரப்பு சுட்டதை மறு தரப்பு எதிரியின் வேட்டு என்று நினைத்துத் திருப்பிச் சுட்டது என்பதும் பிறகுதான் தெரிய வந்தன. அப்படிப்பட்ட இரவொன்றில், ஒரு குடியிருப்பின் ஜன்னலோரம் ஒருவர் சிகரெட் பற்றவைத்திருக்கிறார். அந்தத் தீக்குச்சி வெளிச்சத்தைத் துப்பாக்கி வெளிச்சம் என்று எண்ணிய படையினர் கவச வண்டியிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் அந்த வீட்டை நோக்கிச் சுட்டார்கள். உள்ளே இருந்த நான்கு வயதுச் சிறுமி இறந்துபோனாள். சுட்டவருடைய அச்சம் பொய்யில்லை. அவர் உண்மையாகவே பயந்துதான் இருக்க வேண்டும். ஆனால் அவருடைய அச்சத்தின் கையில் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. அந்தக் குழந்தையோடு வீட்டுக்குள் இருந்தவர்களின் அச்சத்திடம் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் "நகரெங்கும் அச்சம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

வான்குடை வீரர்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஜெனரல் த்ராக்மார்ட்டன். டெட்ராய்ட் அச்சத்தில் ஊறிக் கிடக்கிறது என்று அவரும்தான் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை: தேசியக் காவல் படையினர் அஞ்சுகிறார்கள், குடியிருப்போர் அஞ்சுகிறார்கள், போலீசார் அஞ்சுகிறார்கள் என்று ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியாகச் சொன்னதாக விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. யார் யார் அஞ்சுகிறார்கள் என்று சொல்லிவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அவர் தம் வீரர்களின் துப்பாக்கிகளிலிருந்து குண்டுகளை எடுத்து வைக்கச் சொன்னார். தேசியக் காவல் படையினர் இருட்டே பாதுகாப்பு என்று தெருவிளக்குகளைச் சுட்டு உடைத்த நகரத்தில், இவருடைய வீரர்கள் இருந்த கிழக்குப் பகுதியில் விளக்குகள் எரிந்தன. அவர்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்கள் தெருவைக் கூட்டினார்கள், குப்பை அள்ளினார்கள், குழப்பத்தில் காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். அந்தத் தெருக்காரர்கள் அவர்களுக்குச் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து நாளில் அந்தப் படை சுட்ட குண்டுகள் மொத்தம் 201. அவையும் பெரும்பாலும் வந்திறங்கிய முதல் சில மணி நேரத்தில் சுட்டவை. நகரிலேயே அமைதியான பகுதி அதுவாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் விசாரித்தது இல்லினாய் மாநில ஆளுநர் ஓட்டோ கெர்னர் தலைமையிலான 11 பேர் ஆணையம். ஜனாதிபதி ஜான்சன் அமைத்தது. 1968 பிப்ரவரி 29 அன்று வெளியான அதன் அறிக்கை, நாடு கறுப்பு வெள்ளை என்று சமமற்ற இரண்டு சமூகங்களாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று எச்சரித்ததைத் தங்கள் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கிறார். பத்திரிகைகளுக்கென்றே அந்த அறிக்கையில் ஒரு தனி அத்தியாயம் இருப்பதை அவர் குறிப்பிடவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் நான் அதைச் சொல்லாமல் விட முடியாது. டெட்ராய்ட்டின் சேதம் 20 கோடி டாலர் முதல் 50 கோடி டாலர் வரை என்று பத்திரிகைகள் முதலில் எழுதின. ஆணையம் அறிக்கை எழுதிய நேரத்தில் மிக அதிகமான மதிப்பீடே 4.5 கோடி டாலர்தான். பத்திரிகைகள் மொத்தத்தில் நிதானம் காக்க முயன்றன என்பதை ஒப்புக்கொண்ட ஆணையம், அவை வெள்ளையருடைய உலகத்தில் நின்றுகொண்டு வெள்ளையருடைய கண்ணால் மட்டுமே பார்த்தன என்று கண்டித்தது. அன்றைய அமெரிக்கச் செய்தித் துறையின் ஆசிரியர் குழுக்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. முடிவெடுக்கும் பொறுப்பில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அஞ்சுகிறவர்களில் ஒரு தரப்பு மட்டும் செய்தி அறையில் உட்கார்ந்திருந்தால், அந்தத் தரப்பின் அச்சம்தான் நாட்டின் அச்சமாக அச்சேறும். அறிக்கை வெளிவந்த 35-ஆம் நாள், ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் கலவரம் மூண்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் சட்டம் ஒழுங்கு என்ற முழக்கத்தோடு நிக்ஸன் வென்றதையும், இனப் பிரிவினையை ஆதரித்த வாலஸ் 13.5 விழுக்காடு வாக்கு வாங்கியதையும் தங்கள் கட்டுரை விரிவாகவே சொல்லிவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை.

செய்தியாகவே ஆகாத அச்சத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். மிசிசிப்பி மாநிலத்தில் 1965-இன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்பு, வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாக, கலவரம் ஏதுமின்றி, தெருவில் ஒரு கண்ணாடிகூட உடையாமல் காக்கப்பட்டு வந்த அச்சம் அது. 1962-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: வாக்காளராகப் பதிவு செய்ய விண்ணப்பிப்பவருடைய பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரண அறிவிப்பு. நிலக்கிழார் அதைப் பார்ப்பார், வேலை போகும். கடன் கொடுத்தவர் பார்ப்பார், கடனைத் திருப்பிக் கேட்பார். இரவில் வெள்ளை முகமூடி போட்டு வருகிறவர்களும் பார்ப்பார்கள். ஐயா, ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்து விளம்பரம் அச்சத்தை விளைவிக்கும் கருவியாக ஆக்கப்பட்ட வரலாறு இது.

அதே ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, பருத்தித் தோட்டத்தில் 18 ஆண்டுகள் உழைத்த ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணி, பதிவு செய்வதற்காகப் பேருந்தில் மாவட்டத் தலைநகருக்குப் போனார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்து விளக்கச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை, அந்தக் கேள்வியே முடியக் கூடாது என்பதற்காகக் கேட்கப்படுவது. வீடு திரும்பியபோது, மனுவைத் திரும்பப் பெறாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்றார் முதலாளி. அன்றிரவே வெளியேறினார். பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டை நோக்கி 16 குண்டுகள் சுடப்பட்டன. 1964 ஆகஸ்டு 22 அன்று ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன்னால் அவர் இதையெல்லாம் வாய்மொழியாகச் சொன்னபோது, தொலைக்காட்சிக் கேமராக்களைத் தன் பக்கம் திருப்புவதற்காக ஜனாதிபதி அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். ஆனால் அன்று மாலையே தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்தப் பேச்சை முழு நாட்டுக்கும் ஒளிபரப்பின. வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே ஆண்டில் மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏழுகூட இல்லாதது நூற்றுக்கு அறுபதை நெருங்கியது.

இதைப் படிக்கும் மேலூர், உசிலம்பட்டி வட்டார வாசகர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று இதற்குள் புரிந்திருக்கும். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட 1996-இல், முதலில் மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டலுக்கு அஞ்சி மனுவைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு துணிந்து நின்று தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரும் அவரைச் சேர்ந்த ஐந்து பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இதேபோல் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தலைவர் ஒருவர் அமர முடியவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் எத்தனை நாள் அங்கே "பதற்றம்" என்று செய்தி வந்திருக்கும்? மனுத்தாக்கல் நாள்களில் வந்திருக்கும். மற்ற நாள்களில் அமைதி என்றுதான் கணக்கு.

1997-இல் நான் மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். கொலை நடந்த மறுநாள் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பக்கத்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. அந்தப் பிள்ளைகளைப் பெற்றோர் வெளியே விடவில்லை. அடுத்த சில நாள்களில் மறுபக்கத்து பெஞ்சுகளும் காலியாயின. போலீஸ் தேடுகிறது என்று ஆண்கள் ஊரை விட்டுப் போனபோது குடும்பங்களும் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டன. வருகைப் பதிவேட்டில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நான் போட்டது ஒரே குறிதான்: வரவில்லை. பதிவேட்டில் வேறு கட்டம் கிடையாது. அந்தப் பக்கத்தைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் அஞ்சியதும், கொன்றவர்களின் ஊரார் அஞ்சியதும் என் கையெழுத்தில் ஒன்றாகிப் போயின. அதனால்தான் தங்கள் கட்டுரையில் அந்த வாக்கியத்தைக் கண்டதும் என்னால் புரட்டிவிட்டுப் போக முடியவில்லை.

இன்னோர் அச்சத்தையும் கட்டுரை தொடவில்லை: அரசாங்கமே திட்டமிட்டு விதைத்த அச்சம். 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியா மாநிலத்தில் மீடியா என்னும் சிறிய ஊரில் இருந்த எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறையின் கிளை அலுவலகத்தின் பூட்டை உடைத்து எட்டுப் பேர் உள்ளே போனார்கள். நாடே முகமது அலிக்கும் ஃபிரேசியருக்கும் நடந்த குத்துச்சண்டையில் மூழ்கியிருந்த இரவு அது. அவர்கள் பணத்தைத் தேடிப் போகவில்லை. கோப்புகளை எடுத்து வந்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒரு குறிப்பு, போருக்கு எதிராகப் பேசுகிறவர்களை அதிகாரிகள் அடிக்கடி போய் விசாரிக்க வேண்டும் என்றது. ஏனென்றால், ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் எஃப்.பி.ஐ. ஆள் நிற்கிறார் என்ற எண்ணத்தை அது அவர்களுக்குள் வளர்க்குமாம். கிங் நோபல் பரிசு வாங்கப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1964 நவம்பரில், அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் விதத்தில் பெயரில்லாக் கடிதம் ஒன்றை அதே துறை அனுப்பியது என்பதும் 1975-இல் செனட் குழு நடத்திய விசாரணையில் வெளிவந்தது. மீடியா அலுவலகத்திலிருந்து எடுத்த கோப்புகளை அச்சிட வேண்டாம் என்று அரசு கேட்டுக்கொண்ட பிறகும் அவற்றை அச்சிட்டது ஒரு நாளிதழ். எடுத்து வந்தவர்களில் ஐந்து பேர் 43 ஆண்டுகள் கழித்து, 2014-இல்தான் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள்.

கிங் நமக்கு அந்நியர் அல்லர். 1959-இல் அவரை இந்தியாவுக்கு அழைத்ததில் காந்தி நினைவு நிதிக்குப் பங்கு உண்டு. அதன் செயலாளராக இருந்த ஜி. ராமச்சந்திரன்தான், டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து, இங்கிருந்து திண்டுக்கல் போகும் வழியில் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். கிங் நாடு திரும்பிய அடுத்த மாதம், ஏப்ரல் 15 அன்று, நம் தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தை நேரு திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தம் படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். கொன்றவனும் ஏதோ ஓர் அச்சத்தைச் சொல்லித்தான் கொன்றான், தன் மதத்துக்கு ஆபத்து என்று. அதை ஒரு மாணவி என்னிடம் கேட்டு, அந்தப் பெட்டி முன்னால் நான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

1970 மே 4 அன்று ஓஹையோ மாநிலத்தில் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் தேசியக் காவல் படையினர் 13 விநாடிகளில் 67 முறை சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றபோதும், உயிருக்கு அஞ்சிச் சுட்டோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். இறந்தவர்களில் மிக அருகில் நின்றவரே ஏறத்தாழ 80 மீட்டர் தூரத்தில் இருந்தார். அமெரிக்கச் சட்டத்தில் "அஞ்சினேன்" என்ற சொல்லுக்கு இருக்கும் எடை, யார் அதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. இது பழங்கதையும் அல்ல. 2015 பிப்ரவரி 6 அன்று அலபாமா மாநிலத்தின் மாடிசன் நகரில் என்ன நடந்தது என்று தங்கள் வாசகர்களில் பலர் அப்போதே படித்திருப்பார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து போன 57 வயதுத் தாத்தா ஒருவர், மகன் வீட்டுத் தெருவில் காலை நடை போனார். ஒல்லியான கறுப்பர் ஒருவர் வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார், மனைவியைத் தனியே விட்டு வேலைக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது என்று அந்தத் தெருக்காரர் ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார். வந்த காவலர்களிடம் ஆங்கிலம் தெரியாது, இந்தியா என்று சொல்லி, வீட்டைக் கைகாட்டினார் அந்தப் பெரியவர். காவலர்களில் ஒருவர் அவரைத் தரையில் வீழ்த்தினார். கழுத்தெலும்பு அடிபட்டு, உடல் ஓரளவு செயலிழந்து, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு முறை நடந்த விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் நீதிபதி அந்தக் காவலரை விடுவித்துவிட்டார்.

2023-இல் டெட்ராய்ட்டுக்கு வடக்கே மகன் வீட்டில் நானும் என் மனைவியும் நான்கு மாதம் இருந்தோம். போன மறுநாளே மகன் சொன்னது இது: "அப்பா, நடக்கப் போனா தலையில துண்டு கட்டாதீங்க. யார் வீட்டு முன்னாடியும் நின்னு செடி, பூ எதையும் பார்க்காதீங்க. போன் எப்பவும் கையில இருக்கணும்." அவன் அந்தப் பெரியவரை நினைத்துத்தான் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளாகச் செல்லூர்த் தெருக்களில் நின்று நின்று, வாசல் வாசலாகப் பேசி நடந்த நான், அந்த நான்கு மாதமும் நேர்ப் பார்வையாக நடந்தேன். முதல் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒரு நாள் மாலை எனக்கு ஒரு விளையாட்டுக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி, அறை விளக்கை அணைத்து, கதவிலிருந்து தெரியாத மூலையில் என்னை உட்கார வைத்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். பள்ளியில் துப்பாக்கியோடு யாராவது வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி அது. 2021 நவம்பரில் அதே பக்கத்தில், ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரின் பள்ளியில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். நான் இருமிவிட்டேன். "தாத்தா, நீங்க அவுட்" என்றாள் குழந்தை.

மகனிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாம் தெருவையும் பார்த்தேன். இப்போது அதற்கு ரோசா பார்க்ஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். சோதனை நடந்த மூலையில் ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் மகன் மூலமாகப் பேசினேன். 1967-இல் அவருக்குப் பன்னிரண்டு வயதாம். அந்த நாள்களில் யாரைக் கண்டு பயந்தீர்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, எல்லாரும் என்ன எரிந்தது என்றுதான் கேட்பார்கள் என்றார். பிறகு, தெருவிளக்கு அணையும்போதெல்லாம் அம்மா குளியல் தொட்டிக்குள் தங்களைப் படுக்க வைத்ததைச் சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது அதிகம் இல்லை. தொடரின் அடுத்த பகுதி 2020-இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதையும் அதன் பின்விளைவுகளையும் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை அச்சுக்கு அனுப்பும் முன், அச்சம், பீதி, பதற்றம் என்ற சொற்கள் வரும் இடங்களில் எல்லாம் யாருக்கு என்ற கேள்வியைக் கட்டுரையாளரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். நம் மாவட்டச் செய்திகளுக்கும் அப்படியே. "கிராமத்தில் பதற்றம், போலீஸ் குவிப்பு" என்று எழுதுகிற செய்தியாளர், ஊரின் எந்தத் தெருவில் நின்று அதை எழுதினார் என்பதையும் சேர்த்து எழுதட்டும். மற்றத் தெருவுக்கும் ஒரு முறை போய்வரட்டும். இடம் போதாது என்று தாங்கள் சொல்லக்கூடும். அதற்கு வேண்டுவது ஒரு வரிதான்.

அடுத்த ஞாயிறு மலர் புதன்கிழமையே அச்சுக்குப் போய்விடும் என்று தங்கள் அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது என்பதால், இக்கடிதத்தை நாளைக் காலையில் நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
செல்லூர், மதுரை.